திருகோணமலையில் மாடு வளர்க்கத் தொடங்குவோருக்கு: பட்டியின் மெதேனைக் கணக்கிட்டுக் குறைக்கும் வழிமுறை

மாடு, எருமை, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகள் வெளிவிடும் மெதேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று கேள்விப்பட்டு, பட்டி வைப்பதே பிழையோ என்று தயங்கும் இளையவர்களைத் தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் காண முடிகிறது. அது பெரிய நாடுகளின் சங்கதி, நாலு மாடு வைத்திருக்கும் நமக்கு அதில் என்ன என்று தட்டிக்கழிப்போரும் இருக்கிறார்கள். இரு சாராரும் கணக்குப் பார்க்காமலே முடிவுக்கு வந்தவர்கள். இரண்டு மாட்டிலிருந்து இருபது மாடு வரை வைத்திருப்பவர் அல்லது வைக்க நினைப்பவர், ஒரு கொப்பியும் ஒரு தராசும் கொண்டு தமது பட்டியின் மெதேனைத் தாமே கணக்கிட்டு, எங்கே குறைக்கலாம் என்று கண்டுகொள்ளும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வாயு எங்கே உண்டாகிறது என்று பாருங்கள்

மேய்ச்சல் முடிந்து நிழலில் நிற்கும் பசுவின் இடப்பக்கம் போய் நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். மூடிய கையை அதில் அழுத்திப் பிடித்தால், நிமிடத்துக்கு ஒரு தடவையோ சற்றுக் கூடவோ உள்ளிருந்து ஏதோ உருண்டு வந்து கையை வெளியே தள்ளுவதை உணர்வீர்கள். அங்கே இருப்பதுதான் மாட்டின் முதல் இரைப்பை. அந்த அசைவோடு சேர்ந்து கழுத்தின் இடப்புறமாக ஒரு உருண்டை மேலேறுவதையும், மாடு அதை மென்று விழுங்கியபின் ஓசையில்லாமல் ஏப்பம் விடுவதையும் கவனிக்கலாம். மெதேன் வெளியேறுவது பெரும்பாலும் அந்த ஏப்பத்தில்தான். பின்புறமாக வெளியேறுகிறது என்று பலர் நினைத்தாலும், இரைப்பையில் உண்டாகும் மெதேனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாயாலும் மூக்காலும் போகிறது.

மனிதனால் செரிக்க முடியாத வைக்கோலையும் புல்லையும் அந்த இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகள் நொதிக்கச் செய்து, மாட்டுக்கு வேண்டிய சத்தாக மாற்றுகின்றன. அப்போது ஐதரசன் வாயு மிஞ்சுகிறது. அது தேங்கிவிட்டால் நொதித்தலே நின்றுபோகும் என்பதால், ஆர்க்கியா என்ற வேறொரு வகை நுண்ணங்கிகள் அதைக் காபனீரொட்சைட்டோடு சேர்த்து மெதேனாக்கி வெளியேற்றுகின்றன. ஆகவே மெதேன் மாட்டுக்கு வந்த நோயுமல்ல, வளர்ப்பவரின் குற்றமுமல்ல. ஆனால் அது தீனியில் ஏற்படும் நட்டம். மாடு உண்ணும் தீனியின் மொத்தச் சக்தியில் ஏறத்தாழ 6.5 சதவீதம் இவ்வழியே காற்றோடு போய்விடுகிறது. நார் மிகுந்த காய்ந்த தீனியைத் தின்னும் மாட்டில் இந்த நட்டம் கூடும், இளம் புல்லும் தவிடும் தின்னும் மாட்டில் குறையும். கீழே சொல்லும் வேலைகள் யாவும் இந்த வேறுபாட்டை நம்பியே நிற்கின்றன.

இதை ஏன் பொருட்படுத்த வேண்டும்

1750ஆம் ஆண்டளவில் வளிமண்டலத்தில் நூறு கோடிக்கு ஏறத்தாழ 730 பங்காக இருந்த மெதேன் இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. நூறாண்டுக் காலத்தை வைத்துப் பார்த்தால், ஒரு கிலோ மெதேன் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபதாண்டுக் காலத்தை வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 80 கிலோவுக்குச் சமம். தொழிற்புரட்சிக்குப் பின் பூமி சூடானதில் ஏறத்தாழ அரைப் பாகை செல்சியஸ் மெதேனால் வந்தது என்பது காலநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுக் குழுவின் கணிப்பு. மனிதச் செயல்களால் வெளியேறும் மெதேனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளிலிருந்து வருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்தும் குப்பை மேடுகளிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும், ஒரு பகுதி நெல்வயல்களிலிருந்தும் வருகிறது. வெப்பத்தைப் பிடிக்கும் எல்லா வாயுக்களையும் சேர்த்துப் பார்த்தபோது, மனிதரால் வருவதில் கால்நடைத் துறையின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2013இல் கணித்தது. 2023இல் வெளியிட்ட புதிய கணிப்பில் அது 12 சதவீதம்.

மாடு விடும் மெதேன் புல்லிலிருந்து வந்தது, திரும்பப் புல்லுக்கே போகிறது, எனவே அதில் பாதகமில்லை என்ற வாதத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். அதில் பாதி உண்மை உண்டு. நிலத்தடியிலிருந்து தோண்டி எடுத்த எண்ணெயைப் போல அது புதிய காபனைக் காற்றில் சேர்ப்பதில்லை. ஆனால் புல்லுக்குத் திரும்பும் முன் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் காபன் மெதேனாக நின்று வெப்பத்தைப் பிடிக்கிறது. நூற்றாண்டுகள் தங்கிவிடும் காபனீரொட்சைட்டைப் போலன்றி, மெதேனைக் குறைத்தால் அதன் பலனை இப்போது வாழ்பவர்களே காணலாம். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில், உலக மெதேனை 2030க்குள் 2020ஆம் ஆண்டின் அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதென்று பல நாடுகள் உறுதிமொழி எடுத்ததன் காரணமும் இதுதான்.

நமது மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தியன்று. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. திறந்த வெளியில் மழையில் நனைந்து நின்றவையும், உடலில் சேமிப்பில்லாமல் மெலிந்தவையுமே இத்தகைய குளிரில் முதலில் விழுகின்றன. மெதேனைக் குறைக்கும் தீனியும், மாட்டைக் குளிரிலும் வெயிலிலும் தாங்க வைக்கும் தீனியும் ஒன்றே என்பதால்தான் இந்த வேலையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

முதற்படி: தலைக்கணக்கு

பட்டியிலுள்ள விலங்குகளைக் கறவைப் பசுக்கள், ஏனைய மாடுகள், எருமைகள், ஆடுகள் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். நாகுகள், நாம்பன்கள், கன்றுகள், பொலிகாளை ஆகியன ஏனைய மாடுகளில் அடங்கும். மேலே சொன்ன பன்னாட்டுக் குழு இந்தியத் துணைக்கண்டத்துக்கென 2006இல் தந்த எண்களின்படி, ஆண்டொன்றுக்குக் கறவைப் பசு 58 கிலோ, ஏனைய மாடு 27 கிலோ, எருமை 55 கிலோ, ஆடு 5 கிலோ என மெதேனை ஏப்பத்தில் விடுகின்றன. இவை சராசரிகள், உங்கள் மாட்டை அளந்து பெற்றவை அல்ல. ஆனாலும் தொடங்குபவருக்கு இவை போதும்.

நான்கு கறவைப் பசுக்களும் ஆறு ஏனைய மாடுகளும் உள்ள பட்டியை எடுத்துக்கொள்வோம். பசுக்களுக்கு 232 கிலோ, ஏனையவற்றுக்கு 162 கிலோ, மொத்தம் ஆண்டுக்கு 394 கிலோ மெதேன். இதை 27ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10,600 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது 2.3 கிலோ அளவில் காபனீரொட்சைட்டு வெளியாவதால், இந்தப் பட்டி ஆண்டுக்கு 4,600 லீற்றர் பெற்றோல் எரிப்பதற்கு ஒப்பான வெப்பத்தைத் தருகிறது. சிறிய பட்டிதானே என்று ஒதுக்க முடியாத தொகை இது.

மாட்டைக் கட்டித் தீனி போடுபவர்கள் இன்னும் நெருக்கமாகக் கணக்கிடலாம். மாடு உண்ணும் ஒவ்வொரு கிலோ உலர் தீனிக்கும் ஏறத்தாழ 21 கிராம் மெதேன் உண்டாகிறது. பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்கும் வைக்கோலில் பத்தில் ஒன்பது பங்கும் உலர் பொருள் என்று கொள்ளுங்கள். ஒரு பசு நாளுக்கு 30 கிலோ புல்லும் 2 கிலோ வைக்கோலும் தின்றால் உலர் தீனி 7.8 கிலோ, மெதேன் 164 கிராம். ஆண்டுக்கு அது 60 கிலோ ஆகிறது. முன்சொன்ன சராசரிக்கு மிக அருகில் வந்து நிற்பதைக் காணலாம்.

இரண்டாம் படி: பால் லீற்றரால் வகுத்தல்

தலைக்கணக்கோடு நின்றுவிட்டால் தவறான முடிவுக்கே வருவீர்கள். அதே நான்கு பசுக்களும் நாளுக்கு 2 லீற்றர் வீதம் 200 நாள் கறக்கின்றன என்று வைத்தால் ஆண்டுப் பால் 1,600 லீற்றர். லீற்றருக்கு 246 கிராம் மெதேன். நன்றாகத் தீனி கிடைத்து ஒவ்வொன்றும் 5 லீற்றர் வீதம் 250 நாள் கறந்தால், கூடுதலாகத் தின்பதால் பசுவொன்றின் மெதேன் 75 கிலோ அளவுக்கு உயரும், பட்டியின் மொத்தமும் 462 கிலோவாக ஏறும். ஆனால் பால் 5,000 லீற்றர், லீற்றருக்கு 92 கிராம். இனி, நன்றாகக் கறக்கும் இரண்டு பசுக்களும் இரண்டு ஏனைய மாடுகளும் மட்டும் உள்ள பட்டியைப் பாருங்கள். மெதேன் 204 கிலோ, பால் 2,500 லீற்றர். மெலிந்த பத்து மாடுகள் தந்ததைவிட இந்த நான்கு மாடுகள் கூடுதலாகப் பால் தருகின்றன; வெளிவிடும் மெதேனோ ஏறத்தாழப் பாதி.

நான் வலியுறுத்த விரும்புவது இதுவே. தீனியைத் திருத்துவதால் மட்டும் மொத்த மெதேன் குறையாது, சில வேளை கூடவும் செய்யும். தீனியைத் திருத்திவிட்டு, கறக்காமல் தின்னும் தலைகளின் தொகையையும் காலப்போக்கில் குறைத்தால்தான் பூமிக்குப் போகும் வாயு உண்மையில் குறையும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கும் ஆலோசனையை நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: கச்சான் காற்றுக் காலத்துத் தீனி

இங்கே மாட்டின் ஆண்டை நிர்ணயிப்பது நெல் வயல்தான். பெரும்போகத்துக்கு விதைக்கும்போது, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த திகதிக்குள் மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றிக் காட்டோரங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் அவை தாளடிக்குத் திரும்புகின்றன. கந்தளாய்க் குளத்தின் நீரும் அல்லைத் திட்டத்தின் நீரும் பாயும் இடங்களில் சிறுபோகம் தொடங்கியதும் மீண்டும் இடம் சுருங்குகிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புல் காய்ந்து, மாடுகள் பெரும்போகத்தில் ஏற்றிய எடையை இழக்கின்றன. எடை இழக்கும் மாடும் ஏப்பம் விட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆனால் பால் தராது, சினைப்படாது. ஆண்டின் மிகக் கெட்ட மெதேன் இந்த மாதங்களில்தான் உண்டாகிறது.

அதே வேளை, அறுவடை இயந்திரம் போன வயலில் பரந்து கிடக்கும் வைக்கோல் பல இடங்களில் தீ வைத்து எரிக்கப்படுகிறது. அயலவரிடம் கேட்டால் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். மழைக்கு முன் அதைக் கட்டி ஏற்றிப் போர் வைப்பதே புதியவர் செய்யவேண்டிய முதல் வேலை.

வெறும் வைக்கோலில் புரதம் 3 அல்லது 4 சதவீதம்தான். யூரியாவில் ஊறவைத்தால் அது ஏறத்தாழ இரு மடங்காகும், செரிமானமும் கூடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லீற்றர் அளவில் தண்ணீர் என்பது அளவு. மேடான இடத்தில் பொலித்தீன் விரித்து, ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, பூவாளியால் கரைசலைச் சீராகத் தெளித்து, காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். அடுக்கடுக்காக இப்படியே ஏற்றி, மேலே பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் மண் போட்டு அழுத்திவிடுங்கள். மூன்று வாரம் கழித்து ஒரு முனையை மட்டும் திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வர வேண்டும், வைக்கோல் பழுப்பு மஞ்சளாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். கறுத்தோ பூஞ்சணம் பிடித்தோ இருந்தால் அந்தப் பகுதியை எருக்குவியலில் போடுங்கள், மாட்டுக்குக் காட்டாதீர்கள். நல்லதை எடுத்து நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் உதறிப் பரப்பி, வாடை தணிந்தபின் முதல் வாரம் சாதாரண வைக்கோலோடு கலந்து கொடுத்துப் பழக்குங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். யூரியாக் கரைசல் உள்ள வாளியை மாடு எட்டும் இடத்தில் ஒரு கணமும் வைக்காதீர்கள். தாகத்தில் அதைக் குடித்த மாடு சிறிது நேரத்திலேயே இறக்கக்கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு ஊறிய வைக்கோலையும் கொடுக்கக் கூடாது. வைக்கோல் உண்ட மாடு நடுங்கி, நுரை தள்ளி, வயிறு ஊதினால் உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

வைக்கோலோடு குழையும் வேண்டும். வேலியோரம் கிளிரிசீடியா நட்டால் கச்சான் காலத்திலும் பச்சை கிடைக்கும். அதன் இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். பழகாத மாடு அதன் மணத்துக்கு முகம் திருப்பும். வெட்டிய குழையை அரை நாள் வாடவிட்டுக் கொடுத்தால் தின்னப் பழகிவிடும். இப்பில் இப்பில் மரத்தின் குழையும் நல்ல தீனியே என்றாலும் அதில் ஒரு நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். கிணற்று நீரோ வாய்க்கால் நீரோ கிடைப்பவர்கள் சிறு துண்டு நிலத்தில் சீ.ஓ.3 என்ற தீனிப்புல்லை நட்டு, முற்றவிடாமல் வெட்டிக் கொடுப்பது நல்லது. முற்றிய புல்லில் நார் கூடி, மெதேனும் கூடுகிறது.

தேங்காய்ப் பிண்ணாக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதில் எஞ்சியிருக்கும் எண்ணெயிலுள்ள லோரிக் அமிலம் மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகளை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் தீனியின் உலர் எடையில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பதே குழம்பிவிடும் என்பதால், கறக்கும் பசுவுக்குத் தவிட்டோடு அளவாகச் சேர்ப்பதே முறை. செங்கடற்பாசி, போவேர் என்ற பெயரில் விற்கப்படும் சேர்மானம் ஆகியவை மெதேனைப் பெரிதும் குறைத்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அவை பெரும்பாலும் நாள்தோறும் கட்டித் தீனி போடும் பண்ணைகளில் பரிசோதிக்கப்பட்டவை. காட்டோரத்தில் மேயும் நமது பட்டிக்கு இன்று பொருந்தாது.

நான்காம் படி: பட்டியின் அமைப்பு

ஒரு நாகு மூன்று வயதில் கன்று ஈனுவதற்குப் பதிலாக நாலரை வயதில் ஈன்றால், அந்த ஒன்றரை ஆண்டில் ஒரு துளிப் பாலுமில்லாமல் 40 கிலோ மெதேன் போய்விடுகிறது. கன்றுக்காலத்தில் நல்ல தீனி, குடற்புழு மருந்து, காலத்துக்குத் தடுப்பூசி ஆகியவை மெதேனுக்கும் மருந்துதான். காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய் கண்ட பட்டியில் பால் குறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கறக்காத மாட்டை விற்றுவிடுங்கள் என்று எழுதுவது எளிது. நம் வீடுகளில் வயதான பசுவை இறைச்சிக்கு விற்க மனம் ஒப்பாதவர்கள் பலர், அதை மதித்தே வழி தேட வேண்டும். கண்டபடி சினைப்படுவதைத் தடுப்பதே அந்த வழி. வேண்டாத நாம்பன்களைக் காலத்தோடு கால்நடை வைத்திய அலுவலகத்தின் மூலம் காயடித்துவிட்டு, பசு சூட்டுக்கு வரும் நாளைக் குறித்து வைத்துச் செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கு அறிவியுங்கள். அப்போது எத்தனை கன்று, எந்த இனக் கன்று என்பது உங்கள் தெரிவாகும், பட்டியும் தானாகவே சிறுக்கும்.

இனத் தெரிவில் அவசரப்பட வேண்டாம். மலைநாட்டில் நிறையக் கறக்கும் பிரீசியன் பசு இங்கே பகல் வெயிலில் மூச்சிரைத்து, தீனி குறைத்து, பாலும் குறைத்துவிடும். சாகிவால் இரத்தம் கலந்த பசுவும் ஜேர்சி சாகிவால் கலப்பும் இந்த வெப்பத்துக்கு ஏற்றவை. எருமை வைப்போர் முறா கலப்பைத் தேடலாம், ஆனால் அது உடல் நனைத்துப் படுக்கத் தண்ணீர் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சாணம்

வெயிலில் காயும் சாணத்திலிருந்து மெதேன் மிகக் குறைவாகவே வருகிறது. குழியில் தண்ணீரோடு தேங்கி நிற்கும் சாணமே கூடுதலாக விடுகிறது. தொழுவத்தைக் கழுவும் நீர் குட்டையாகத் தேங்கவிடாமல், சாணத்தை அள்ளிக் கூரையின் கீழ் குவித்து மக்கவிடுங்கள். மக்காத பச்சைச் சாணத்தை நீர் நிறைந்த வயலில் கொட்டினால் அது அங்கே சேற்றுக்குள் மெதேனாகிறது, எனவே மக்கியபின் உழவுக்கு முன் இடுங்கள்.

சாணத்திலிருந்து சமையல் வாயு எடுக்கும் உயிர்வாயுக் கலன் கட்ட விரும்புவோர் முதலில் சாணத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். 2 கனமீற்றர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். நாள் முழுதும் கட்டி வளர்க்கும் மாடென்றால் ஐந்து போதும், இரவில் மட்டும் பட்டியில் அடைபவை என்றால் பத்து தேவைப்படும். சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து ஊற்றுங்கள். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி எழுகிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். கசியும் கலன், கலனே இல்லாததைவிட மோசம். சமையலுக்குப் போக மிஞ்சும் வாயுவை எரித்துவிடுங்கள், வெறுமனே திறந்துவிடாதீர்கள். கலனிலிருந்து வழியும் கரைசல் புல்லுத் துண்டுக்கு நல்ல பசளை.

ஆறாம் படி: கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பியில் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஈன்ற திகதி, சூட்டுக்கு வந்த திகதி, சினைப்படுத்திய திகதி, பால் வற்றிய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். பாலை நாள்தோறும் அளக்க முடியாவிட்டால் மாதத்தில் ஒரு குறித்த நாளில் காலை, மாலை அளந்து முப்பதால் பெருக்கலாம். கன்று குடிக்கும் பாலையும் ஒரு மதிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கன்றுக்குத் தாராளமாக விடும் பட்டி கணக்கில் மோசமாகத் தெரியும். பங்குனியில் மாடுகள் தாளடிக்கு வந்த கையோடு ஒரு தடவையும், புரட்டாதியில் மழைக்கு முன் ஒரு தடவையும் தலைக்கணக்கையும் லீற்றர்க் கணக்கையும் போடுங்கள். ஒரு பங்குனியை அடுத்த பங்குனியோடும், புரட்டாதியைப் புரட்டாதியோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். பச்சைக் காலத்தையும் கச்சான் காலத்தையும் ஒப்பிட்டால் மழையின் வேலையை உங்கள் வேலையென்று எண்ணிவிட நேரும். கால்நடை வைத்தியர் பட்டிக்கு வரும்போது இந்தக் கொப்பியைக் காட்டி, எந்த மாட்டின் சினை இடைவெளி நீண்டிருக்கிறது என்று கேட்டால், அடுத்து எதைத் திருத்துவது என்பதை அவர் அந்தப் பக்கத்திலேயே விரல் வைத்துச் சொல்லிவிடுவார்.